நாற்பத்தொரு கதவுகள்

எங்கள் கம்பெனியின் பராமரிப்பில் நாற்பத்தொரு கட்டடங்கள் இருந்தன. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எப்போது முரண்டு பிடிக்கும், எங்கே தட்டினால் வழிக்கு வரும் என்பதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாது. மெஷின் ரூம் கதவுகளுக்குத் தெரியும்.

விளக்கிச் சொல்லிவிடுகிறேன். லிஃப்டை இழுக்கும் மோட்டார் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடியில் ஒரு சின்ன அறையில் இருக்கும். வெயில் காலத்தில் அது அடுப்பு, மழைக் காலத்தில் ஒழுகல். மேனேஜர் என்று பெயர் போட்டுக்கொண்ட ஒருவர்கூட அங்கே ஏறி வந்து நான் பார்த்ததில்லை. எட்டு மெக்கானிக்குகள் நாங்கள்தான் மாற்றி மாற்றிப் போவோம். அன்றைக்குக் கண்டுபிடித்த கோளாறையும் அதற்கான வைத்தியத்தையும் அந்தக் கதவின் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். யார் தொடங்கிவைத்தது என்று தெரியாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் சேர்ந்தபோதே இருந்தது. எழுதியவன் பெயரைப் போடமாட்டான். அடுத்தவன் எழுதியதை எவனும் அழிக்கமாட்டான். பின்னால் வருகிறவன் உயிரோடு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக எழுதுவது, அதில் பெயருக்கு என்ன வேலை?

பெயர் போடாவிட்டாலும் என் எழுத்தை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் இரண்டு வார்த்தையில் முடிப்பதை நான் கதையாக எழுதுவேன். 'மூன்றாம் மாடிக் கதவு மழைநாளில் முக்கால்வாசி மூடி நின்றுகொள்ளும். இடது காலில் லேசாக ஒரு உதை போதும். கோபமாக உதைத்தால் அதுவும் கோபித்துக்கொள்ளும்.' இப்படி. அதனால் எனக்குக் 'கிறுக்கு' என்று பெயர். கதவில் கிறுக்குவதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு காரணமும் இருக்கும் என்பாள் என் மனைவி.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளையை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அவர் வைத்திருந்த செல்போன் கடை மூழ்கிப்போனது. தங்கை என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் லிஃப்டுக்குக் கிரீஸ் தடவிய காசில் படித்தவள். இன்றைக்கும் என் போனில் அவள் பெயர் 'பாப்பா'தான். அந்தப் பாப்பா வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால் என்ன செய்வேன்? மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மாப்பிள்ளையைக் கம்பெனிக்குள் இழுத்துவந்தேன். பதினொரு வருஷமாக ஒரே சட்டை, ஒரே சம்பளப் பட்டியல், ஒரே டீக்கடை. வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று சொல்லமுடியாது, வாயில் கெட்டிக்காரர். பக்கத்தில் இருந்தால் பொழுது போவதே தெரியாது.

போன வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. மற்ற கம்பெனிகள் எல்லாம் பராமரிப்பைக் காண்டிராக்டில் விட்டுவிட்டன, நம் கம்பெனியும் விடப்போகிறது, மாதச் சம்பளக்காரர்களுக்குத் தண்ணீர் தெளித்து அனுப்பிவிடுவார்கள் என்று. நாங்கள் எட்டுப் பேரும் டீக்கடையில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. நம்மை அனுப்பினால் எண்ணி ஏழே நாளில் நாற்பத்தொரு கட்டடமும் படுத்துவிடும்.

"கதவை வந்து படிச்சாத்தானே அவனுங்களுக்குப் புரியும். மேல ஏறவே மூச்சு வாங்கும் அவனுங்களுக்கு" என்றான் நெட்டை. ஆறடி மூன்றங்குலம் இருப்பான், எங்களில் மூத்தவன். எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அதற்கு அடுத்த மாதம் தங்கை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னாள். வருஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுகிறவள், அதன்பின் வாராவாரம் கூப்பிட்டாள். எனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் நானும் மாப்பிள்ளையும் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொள்வோம். மாப்பிள்ளை ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வருவார்.

"மச்சான், ரெண்டு கட்டடத்துல கதவையே மாத்திட்டான். எழுதினது எல்லாம் போச்சு. நாளைக்கு நம்ம பசங்க எவனாவது தெரியாம கையை விட்டு அடிபட்டா? எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சுடுவோம். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

உங்களை விட்டா யாருக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பச்சைக் குழந்தையாகிவிடுவேன். பத்தொன்பது வருஷத்தில் கம்பெனி ஒரு நாள்கூடச் சொல்லாத வார்த்தை. மனைவியும் சொன்னதில்லை. தங்கை தட்டில் பழம் நறுக்கிக்கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆமாண்ணா, உன்னை விட்டா யாருக்குத் தெரியும்" என்று அவளும் சொல்லிவிட்டுப் போவாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அவர் எழுதுவார். கதவில் எழுதியதை மட்டுமா சொன்னேன்? எழுதாததையும் சொன்னேன். எந்தக் கட்டடத்து மோட்டார் எந்தச் சத்தம் போட்டால் எந்த உதிரிப்பாகம் போகப்போகிறது, எந்த வாட்ச்மேனிடம் எப்படிப் பேசினால் கார் நிறுத்துமிடத்துச் சாவி கிடைக்கும், எந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் புகார் எழுதுவதற்கென்றே பிறந்தவர், எல்லாம். நோட்டின் முதல் சில பக்கங்களை அவர் எப்போதும் ஒரு கறுப்புக் கிளிப் போட்டுச் சேர்த்துப் பிடித்திருப்பார். காற்றில் பறக்குதாம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தொரு கட்டடமும் முடிந்தன. கடைசி ஞாயிறு வீடு திரும்பும்போது, ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்ததுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஆபீசில் கூட்டம். ஊழியர் விவகாரம் பார்க்கும் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பழகர். சாவுச் செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒன்றாம் தேதியிலிருந்து பராமரிப்பு முழுக்கக் காண்டிராக்டுக்குப் போகிறது, விருப்ப விலகல் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம், கொடுக்காவிட்டால் அதுவும் நிச்சயமில்லை என்றார். நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்திருந்தது.

நெட்டை எழுந்தான். "சார், நாங்க கையெழுத்துப் போடமாட்டோம். எங்களை அனுப்பிட்டு ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்."

சிரிப்பழகர் மேஜை மேலிருந்த ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். ஜெராக்ஸ் எடுத்த தாள்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தார். "மூன்றாம் மாடிக் கதவு. இடது காலில் லேசாக ஒரு உதை போதும். கோபமாக உதைத்தால் அதுவும் கோபித்துக்கொள்ளும்."

ஆறு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"இது உன் பேச்சுடா கிறுக்கு" என்றான் நெட்டை. "எவ்வளவு வாங்கின?"

நான் விற்கவில்லை என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வேன்? சொன்னவன் நான்தானே. ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து வந்ததுதானே. "மாப்பிள்ளை கேட்டார், சொன்னேன்" என்றேன். சொன்ன எனக்கே அது பொய்போல ஒலித்தது. 'எவ்வளவு வாங்கின' என்பதுதான் நெட்டை என்னோடு பேசிய கடைசி வார்த்தை. அந்த வாரமே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். ஒன்றாம் தேதி வந்தது, ஏழாம் தேதியும் போனது. நாற்பத்தொரு கட்டடத்திலும் லிஃப்ட் வெண்ணெய்போல ஓடியது. புதுக் காண்டிராக்டர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

அது தெரிந்த அன்றே தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை புதுச் சட்டையில் இருந்தார், நெஞ்சில் சொந்தக் கம்பெனியின் பெயர் தைத்த சட்டை. காய்ச்சல் வந்துபோன முகம் இல்லை.

"உக்காருங்க மச்சான். கோபம் இருக்கும், தெரியும். கம்பெனி முடிவு பண்ணிடுச்சு. நான் எடுக்கலைன்னா வேற எவனோ எடுக்கப்போறான். நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்."

"எந்தக் குடும்பம் மாப்பிள்ளை? ஆறு பேர் வீட்டுல அடுப்பு எரியலை. அவங்க என்னைத் திருடன்னு நினைக்கறாங்க."

"அவங்க நினைப்பை விடுங்க. உங்களுக்கு நான் வேலை வெச்சிருக்கேன். நாள் சம்பளம்தான், மாசச் சம்பளம் கட்டுபடியாகாது. ஆனா உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுத் தர்றேன். மத்தவங்களுக்குச் சொல்லாதீங்க."

அவர் சொன்ன நாள் சம்பளத்தை மாதம் முழுக்கக் கூட்டினாலும் என் பழைய சம்பளத்தில் பாதி வராது. லீவு கிடையாது, உடம்புக்கு வந்தால் மருத்துவச் செலவு கிடையாது. என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, அதில் எனக்கே ஒரு பங்கு தருகிறாராம். எழுந்துவிட்டேன். தங்கை சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுவும் தெரியாதுண்ணா. சத்தியமா. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

நம்பினேன். அவள் தலையில் கைவைத்து, "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். வீட்டில் சொன்னபோது மனைவி மூக்கைச் சுளித்தாள். "உங்க தங்கச்சிக்குத் தெரியாம அந்த வீட்டுக் குழாயில தண்ணிகூட வராது." அதற்காக இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். எல்லாம் போனபின் அந்த ஒருத்தியாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும் என்ற ஆசை.

மூன்று மாதச் சம்பளம் இரண்டு மாதத்தில் கரைந்தது. நாற்பத்தேழு வயதுக்காரனை எந்த லிஃப்ட் கம்பெனியும் சேர்க்கவில்லை. எல்லோரும் காண்டிராக்ட், எல்லோருக்கும் இருபத்தைந்து வயசு ஆள் வேண்டும். கடைசியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்க்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மாதச் சம்பளம், இரண்டே இடம். எனக்கு டோக்கன் முப்பத்தொன்று. வராந்தாவில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் டோக்கன் செல்லாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. இருபத்தெட்டாம் ஆள் உள்ளே போனபோது என் போன் அடித்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் எட்டு மாடிக் கட்டடத்து வாட்ச்மேன். முழுக்க டாக்டர்களும் பரிசோதனைக் கூடங்களும் உள்ள கட்டடம். அதை எப்போதும் நான்தான் பார்த்துவந்தேன்.

"சார், நீங்கதான் வரணும். புது ஆளுங்க வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க."

"நான் இப்ப அந்த வேலையில இல்லப்பா. என்ன ஆச்சு?"

"காலையிலேருந்து ஒண்ணாம் நம்பர் ஏழாவது மாடிகிட்ட நிக்குது. அதைச் சரி பண்ண வந்தாங்க. அவங்க மேல போய்ட்டு வந்ததும் நல்லா ஓடிட்டிருந்த ரெண்டாம் நம்பரும் படுத்துடுச்சு. டாக்டருங்க எல்லாரும் என்னைப் பிடிச்சுத் திட்டறாங்க."

அந்தக் கட்டடத்தில் மின்பலகை ஒரு தடவை கருகிப்போனது. மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் அவசரத்தில் இரண்டு லிஃப்டின் இணைப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். ஒன்று என்று எழுதிய சுவிட்சை அணைத்தால் இரண்டாவது லிஃப்ட் நிற்கும். இரண்டை அணைத்தால் முதலாவது நிற்கும். திருத்தச்சொல்லி ஆபீசுக்கு எழுதினேன், வழக்கம்போல பதில் இல்லை. கதவில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தேன். கதவில் எழுதிவிட்டால் எட்டுப் பேருக்கும் சொன்ன மாதிரிதான், அதற்குமேல் வாயால் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. இது நடந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு. நோட்டில் ஏறவில்லை. மாப்பிள்ளை அப்போது பத்து நாள் லீவில் இருந்தார். எதற்கான லீவு என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

"உள்ளே எத்தனை பேர்? மேல கதவுல எழுதியிருக்கறதைப் படிக்கலையா அவங்க?"

"கதவுல எதுவும் இல்லையே சார். போன வாரம்தான் வெள்ளை பெயின்ட் அடிச்சாங்க. எல்லாக் கட்டடத்துலயும் அடிக்கறாங்களாம். ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தரை வேற இடத்துக்கு அனுப்பிட்டு இன்னொருத்தர் மட்டும் ஒண்ணாம் நம்பர் லிஃப்ட் பெட்டி மேல ஏறி நிக்கறார். தொப்பி போட்டவர். யாருன்னு தெரியலை."

வெள்ளை பெயின்ட். புரிந்தது. வேறு எவனும் வந்து படித்துவிடக்கூடாது, எல்லாம் தன் நோட்டில் மட்டும் இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை நாற்பத்தொரு கதவையும் அழித்துவிட்டார். அழிக்கக்கூடாது என்ற வழக்கம் எதற்கு இருந்தது என்று பதினொரு வருஷத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை.

சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில், மின்சாரம் உள்ள லிஃப்டின்மேல் ஒருவன் நிற்கிறான். பெட்டியின் மேலேயே ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான் உண்டு, அது உடைந்து ஒரு வருஷம். லிஃப்டை நிறுத்திவைத்திருக்கும் கோளாறை அவன் சரிசெய்த அடுத்த நொடி, எட்டாம் மாடியில் எவராவது பட்டனை அழுத்தியிருந்தால் பெட்டி மேலே கிளம்பும். மேலே கான்கிரீட் கூரை.

"யாரையும் எந்த மாடியிலயும் பட்டனைத் தொட விடாதே. மேல நிக்கற ஆளை இறங்கச்சொல்லிக் கத்து" என்றேன். எட்டு மாடிக்கு அந்த ஒற்றை ஆள், மாடியேற முடியாத முழங்கால் வலிக்காரன், என்ன செய்வான்? மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தங்கைக்குப் போட்டேன், எடுத்தாள்.

"அண்ணா, திரும்பவும் சண்டையா? அவர் வேலையா போயிருக்கார். அப்புறம் பேசிக்கலாம்." நான் 'பாப்பா' என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மறைக்காமல் சொல்கிறேன், நாற்காலியில் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பதாம் ஆள் வெளியே வந்து, முப்பதாம் ஆள் உள்ளே போனான். எனக்கு என்ன வந்தது? நான் கெடுத்த வேலையா? நோட்டை வைத்துப் பிழைக்கிறவர்கள் நோட்டைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்த நாற்காலியை விட்டால் இன்னொரு மாதச் சம்பள வேலை எனக்குக் கிடைக்கப்போவதில்லை. இவ்வளவும் அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தேன். ஆனால் அந்தப் பெட்டியின்மேல் நிற்கிறவன் யாரோ ஒரு நாள் கூலிக்காரன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நம்பி ஏறியவன். எழுந்து ஓடினேன். பின்னால் யாரோ, "சார், அடுத்தது நீங்கதான்" என்று கூப்பிட்டார்கள்.

எட்டு மாடி. ஐந்தாவதில் நெஞ்சு அடைத்தது, ஏழாவதில் கண் இருட்டியது. லிஃப்ட் இல்லாமல் ஏறுகிற நோயாளிகள் படியெங்கும் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். மெஷின் ரூம் கதவு விரியத் திறந்திருந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பத்தொன்பது வருஷத்து எழுத்து இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றாம் சுவிட்ச் அணைந்திருந்தது. இரண்டாம் சுவிட்சில் நான் கை வைக்கும்போதே மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. இழுத்து அணைத்தேன். கீழே குழியிலிருந்து ஒரு அலறல். பிறகு அமைதி.

"பெட்டி நின்னுடுச்சா?" என்று கத்தினேன்.

"நின்னுடுச்சு!" என்று பதில் வந்தது. குரல் தெரிந்த குரலாக இருந்தது.

ஏழாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு படியேறி மேலே வந்தார் மாப்பிள்ளை. தொப்பி இல்லை. முகம் அந்தக் கதவைப்போல வெளுத்திருந்தது. பெட்டி ஒரு சாண் ஏறி நின்றதாம். எட்டாம் மாடி வரை ஏறியிருந்தால் என் தங்கையின் நிலைமை என்ன என்று நினைக்கும்போது, அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சுவிட்ச் மாறிப்போன விஷயத்தைச் சொன்னேன்.

"என் உயிரைக் காப்பாத்திட்டீங்க மச்சான்" என்றார். கண்ணில் தண்ணீர். பொய்க் கண்ணீர் இல்லை, அது எனக்குத் தெரியும். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் மூலையில் கிடந்த பையைக் காட்டினார். "நோட்டு அதுல இருக்கு. இதை எழுதிடுங்க. என் கை நிக்கலை. வேற எந்தக் கட்டடத்துல என்ன மாறியிருக்கோ, அதையும் சேர்த்து எழுதிடுங்க மச்சான். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

உயிர் திரும்பி வந்து இன்னும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அந்த மனுஷனுக்கு முதலில் நோட்டுதான் ஞாபகம் வருகிறது. இருந்தாலும் எடுத்தேன். எழுதாமல் விட்டால் அடுத்த முறை ஏறப்போகிறவன் எவனோ.

பைக்குள் உருண்டதில் நோட்டின் கறுப்புக் கிளிப் கழன்றிருந்தது. முதல் பக்கம் தானாகத் திறந்தது.

அது மாப்பிள்ளையின் எழுத்து இல்லை. உருண்டை உருண்டையாக, வரிக்கு வரி நேராக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து. பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதப் பழக்கிய எழுத்து. மேலே தேதி போட்டிருந்தாள், முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முந்தைய தேதி. அதன் கீழே 'அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டியவை' என்று தலைப்பு. அப்புறம் நாற்பத்தொரு கட்டடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். பக்கத்தின் அடியில் நான்கு வரி.

'ஞாயிறு மட்டும். சாப்பிட்ட பிறகு கேட்கவும். எழுதித் தரச்சொன்னால் சந்தேகம் வரும், சொல்லச் சொல்லவும். உங்களை விட்டால் யாருக்குத் தெரியும் என்று சொன்னால் போதும், எல்லாம் சொல்லிவிடுவார்.'

வேலை போன அன்றைக்கு நான் அழவில்லை. நெட்டை 'எவ்வளவு வாங்கின' என்று கேட்டபோதும் அழவில்லை. இப்போது, கிரீஸ் கறை படிந்த அந்தத் தரையில், மாப்பிள்ளையின் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் திரும்பி நின்றுகொண்டேன். சமைத்துப் போட்ட கை, பழம் நறுக்கி வைத்த கை, சமையலறை வாசலில் கண்ணைத் துடைத்த கை, எல்லாம் இந்தக் கைதான். என்னை இத்தனை சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேறு யாரால் முடியும்?

"மச்சான்..." என்றார் மாப்பிள்ளை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அவரும் பார்த்துவிட்டார்.

நோட்டில் எழுதினேன். இந்தக் கட்டடத்து விஷயம், இன்னும் இரண்டு கட்டடத்தில் மாறியிருந்த விஷயம், மூன்றையும் எழுதி மூடி அவர் மடியில் வைத்தேன். பிறகு அவர் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, அந்த வெள்ளைக் கதவில் கையகல எழுத்தில் எழுதினேன். 'ஒன்றை அணைத்தால் இரண்டு நிற்கும். இரண்டை அணைத்தால் ஒன்று நிற்கும். இதை அழிக்காதே.' மார்க்கரை என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

"லிஃப்ட்ல போங்க மச்சான், ரெண்டாம் நம்பரைப் போட்டு விடறேன்" என்றார் பின்னாலிருந்து. நான் படியிலேயே இறங்கினேன்.

நான்காம் மாடி திரும்பும்போது போன் அடித்தது. பாப்பா. மாப்பிள்ளை அதற்குள் பேசியிருக்கவேண்டும். நான் எதைப் பார்த்தேன் என்பதைச் சொன்னாரா, பெட்டி நின்றதை மட்டும் சொன்னாரா, தெரியாது. நிறைய நேரம் அடிக்கவிட்டு எடுத்தேன். அந்தப் பக்கம் விசும்பல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சின்ன வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவரும்போது இருக்குமே, அந்தக் குரலில் கேட்டாள்.

"அண்ணா, வீட்டுக்கு வாயேன். சாப்பிட்டியா நீ?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே பாப்பா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மீதி நான்கு மாடியையும் இறங்கினேன்.